இளையோர் கூட்டிசையும் திருமுறைப் பண்ணொழுங்கும்

ஒருவர் பாடுதல் வேறு. பலர் ஒருங்கு கூடிப் பாடுதல் வேறு. ஒருவர் பாடுங்கால், மிடற்றின் நலமும் கல்வியின் திறமும் உள்ளத்தின் உருக்கமும் அவ்வொருவரிடத்தே கூடி நிற்றலின், குறையும் நிறையும் அவர்க்கே உரியனவாம். பலர் பாடுங்காலோ ஒருவர் நலம் பிறர் ஒலியில் மறைதலும், ஒருவர் பிழை பிறர் பாட்டிற் கரத்தலும் உண்டு. ஆகலின் அக்குழுவின் நலம் யாண்டு நிற்பது, அதனை எவ்வளவை கொண்டு துணிவது என்னும் வினா எழுகின்றது. இஃது இசைப்புலவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. திருமுறைகளை இளஞ்சிறார் குழுவாக நின்று ஓதும் வழக்கம் பாடசாலைகளிலும் திருக்கோயில் விழாக்களிலும் உள்ளது; மேலைநாட்டுப் பல்குரலிசையைத் தமிழ்மறைமேல் ஏற்றிப் பாடும் விழைவும் இக்காலத்துத் தோன்றியுள்ளது. ஆதலின் சைவ நன்மக்கள் இதனை நடுநிலையோடு ஆராய்ந்து தெளிதல் கடனாம்.

கூட்டிசை தமிழர்க்குப் புதியதன்று. இராசராசப் பெருவேந்தன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும், ஆக 50 பேரை அமர்த்தி, நாடோறும் ஒருவர்க்கு முக்குறுணி நெல் நிவந்தமாக வகுத்தான் என்பது அக்கோயிற் கல்வெட்டால் அறியப்படும். அவர் பாட்டிற்கு உடனிசைத்தன தாளங்காட்டும் கருவிகள் இரண்டே. பண்ணைத் தாங்கியது மாந்தர் மிடறே என்பது இதனாற் போதரும். இளையோர் கூட்டிசைக்கு இதனினும் பழைய சான்று சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையாம். அது திருமாலைப் பரவியதாயினும், இளமகளிர் எழுவர் தெய்வத்தை முன்னிட்டு வட்டமாக நின்று பாடிய முறையைக் கூறுதலின், ஈண்டைக்கு இன்றியமையாத சான்றாகின்றது. அதன் பொருளைப் பின்னர் ஆராய்வாம்.

இனி மேலைநாட்டார் முறையினை நோக்குவாம். பெருந்திரளான பாடகரும் பல்லியமுமின்றி, பதினைந்து இருபது முதல் நாற்பது பேர்வரை அமைந்த சிறுகுழுவினை அவர் 'சேம்பர் கொயர்' என வழங்குவர். இசைக்கருவியின் துணையில்லாது மிடற்றொலி ஒன்றானே பாடுதல் இத்தகைய குழுக்களுக்குச் சிறந்த வழக்கமாம். 1945-இல் சுவீடன் நாட்டில் எரிக் எரிக்சன் என்பார், முப்பதாண்டு நிரம்பாத தம் இளமையிலேயே, இத்தகைய குழுவொன்றை நிறுவினார்; பிற்காலத்துக் குழுக்கள் பலவற்றிற்கு அஃது எடுத்துக்காட்டாயிற்று. தேவாலய இசையிற் பயின்ற இளையோர் குழுக்களுள் பலரும் அறிந்தது இங்கிலாந்தில் கேம்பிரிட்சு நகரத்துக் கிங்ஸ் கல்லூரிக் குழுவாம். ஆறாம் என்றி மன்னன் 1441-இல் அக்கல்லூரியை நிறுவியபோது சிறுவர் பதினறுவர் பாடவேண்டுமென வகுத்தான். அவ்வெண் இன்றும் மாறவில்லை. ஒன்பது முதல் பதின்மூன்று அகவையுடைய அச்சிறுவரோடு, கீழ்க்குரல் பாடுதற்கு அப்பல்கலைக்கழகத்து மாணாக்கர் பதினால்வர் அளவிற் சேர்ந்து நிற்பர்.

அக்குழுவின் கலைத்திறம் எதனால் அமைந்தது என நோக்கின் நான்கு நலங்கள் புலப்படும். முதலாவது, உயிரெழுத்தொலியின் ஒருமை. பதினாறு சிறுவரும் ஓருயிரை ஒருவாய்போற் பாடுவர். ஒருவன் அகரத்தை விரித்தும் மற்றொருவன் குறுக்கியும் ஒலிப்பின் சுருதி ஒத்திருந்தும் பாட்டுக் கலங்கும். இரண்டாவது, மெய்யெழுத்தின் தெளிவு. 1446 முதல் 1515 வரை கட்டப்பட்ட அத்தேவாலயத்துக் கல்விதானம் மிக உயர்ந்ததாகலின் எழுந்த ஒலி நெடிது தங்கி நிற்கும். சொல்லின் ஈற்றுமெய்யை யாவரும் ஒரே கணத்தில் முடியாவிடின் சொற்கள் ஒன்றன்மேலொன்று படிந்து குழம்பும். மூன்றாவது, மூச்சின் பங்கீடு. நெடிய அடியொன்றில் ஒருவன் மூச்செடுக்கும்போது அயலான் பாடி நிற்பான். அயலான் மூச்செடுக்கும்போது இவன் தாங்குவான். கேட்பார்க்கோ மூச்சற்ற ஒரு நெடிய ஒழுக்கே புலப்படும். நான்காவது, செவிப்புலன். ஒவ்வொருவனும் தன் குரலினும் அயலான் குரலையே மிகுதியாகக் கேட்கப் பயிற்றப்படுகின்றான். தன் குரல் தனித்துத் தன் செவிக்குப் புலப்படின், தான் மிக்கொலிக்கின்றான் என்பதே பொருளாம்.

அக்குழு 1918 முதல் ஆண்டுதோறும் கிறித்து பிறந்தநாளின் முன்னாள் மாலையில் ஒன்பது வாசகமும் பாட்டுமாக ஒரு வழிபாடு நடத்துகின்றது. அதன் முதற்பாட்டின் முதற்கண்ணியை ஒரு சிறுவன் தனித்துப் பாடுவான். 1982 முதல் 2019 வரை இசைத்தலைவராயிருந்த ஸ்டீபன் கிளியோபரி என்பார், அவன் யாவன் என்பதைப் பாட்டுத் தொடங்கும் கணத்திலேயே கைகாட்டி அறிவிப்பார். பயின்றவர் பலர், பாடுவான் ஒருவன், அவ்வொருவன் தானே என்னும் செருக்குக் கொள்ளுதற்கும் நேரமில்லை, அச்சங்கொள்ளுதற்கும் நேரமில்லை. கலைநலம் குறித்துச் செய்த சூழ்ச்சியேயாயினும், இதன்கண் உள்ள கருத்துச் சைவர் போற்றத்தக்கது. யான் பாடுகின்றேன் என்னும் முனைப்பு எழுமிடத்துப் பாட்டுப் பாடுவானைச் சார்ந்து நிற்கும். அஃது அடங்குமிடத்துப் பாடப்படும் பொருளைச் சார்ந்து நிற்கும்.

ஆயின் அம்முறையின்கண் குறையில்லையோ எனின், உண்டு. அக்குறையினை அந்நாட்டாரே முதற்கண் உணர்ந்தனர். பல்குரலிசையாவது, ஒவ்வொரு பகுதியாரும் வெவ்வேறு இசையொழுக்கிற் பாட அவையெல்லாம் ஒருங்கியைந்து நிற்றல். ஒரு பகுதியார் ஒரு சொல்லைத் தொடங்க, மற்றொரு பகுதியார் முற்சொல்லை முடிக்காதிருப்பர், அதனால் இசை வளஞ்சிறக்கும், சொல் மறையும். 1545 முதல் 1563 வரை திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கப் பெருஞ்சங்கத்தில், வழிபாட்டுச் சொற்கள் கேட்பார்க்கு விளங்குமாறு இசை அமைதல் வேண்டும் என்னும் கருத்து 1562-இல் ஆராயப்பட்டது. அக்காலத்து உரோமை நகரில் விளங்கிய பாலெஸ்திரினா என்னும் இசையாசிரியர், மார்செல்லசு பாப்பிறையின் பெயரால் அமைத்து 1567-இல் அச்சிட்ட பூசையிசையில், ஆறு பகுதியார் பாடியும் நெடிய வாசகங்கள் தெளிவாகக் கேட்குமாறு அமைத்தார். அப்பாட்டே பல்குரலிசையைச் சங்கத்தாரின் தடையினின்றும் காத்தது என்று கூறும் கதையை வரலாற்றாசிரியர் இன்று ஒப்புவதில்லை. கதை பொய்யாயினும் அதன் கருத்து மெய்யேயாம். தெய்வத்தை நோக்கிப் பாடப்படும் பாட்டில் சொல் தலைமையா, ஒலி தலைமையா என்னும் வழக்கு அவரிடத்தும் தீராது நின்றதென்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

சைவர்க்கு இவ்வழக்கு இன்னும் ஆழமுடையது. என்னை? திருமுறை அருள்பெற்றாரது திருவாக்காதலின். அதனை இசைக்கு வாய்த்த கருவி என்று கொள்ளுதல் அடாது. இசையே அதற்கு வாய்த்த ஊர்தியாம். சித்தாந்த நூல்கள் சுத்தமாயையினின்றும் நாதந்தோன்ற, அதன்வழிச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் வாக்கு நான்கும் தோன்றுமாறு கூறும். செவிக்குப் புலனாகும் வைகரி பொருளைத் தாங்கி நிற்பதாகலின், ஒலி பெருகிச் சொல் மறையுமாயின் வைகரி தன் தொழிலை இழந்ததாகும். அந்நிலையில் கேட்பான் இன்புறுவான், உணரான். இன்புறுதல் மட்டுமே பயனாயின் திருமுறைக்கும் பிற இசைப்பாட்டிற்கும் வேற்றுமை இல்லையாம்.

தமிழ்ச்சொற்கு இவ்வச்சம் ஒருபடி மிகுதி. தமிழில் உயிரின் மாத்திரை பொருளை வேறுபடுத்தும். 'அடி' என்னும் சொல்லின் அகரம் இசைக்காக நீளின் 'ஆடி' என்றாகித் திருவடியைக் குறித்தது ஆடுவானையோ திங்களையோ குறிக்கும். 'மலை' நீளின் 'மாலை'. 'பதி' நீளின் 'பாதி'. 'கழல்' என்பதன் ழகரம் ளகரமாயின் இறைவன் திருவடி பொருளற்ற ஒலியாகும். ஒருவர் பாடுங்கால் இப்பிழை ஒருவர் பிழையாகச் செவிக்குப் புலப்பட்டு ஆசிரியரால் திருத்தப்படும். குழுவிலோ பதின்மரிடை இருவர் ளகரம் ஒலிப்பின் ஒருவரும் அறியார். அப்பிழை அவர் நாவிற் காழ்கொள்ளும். ஆகலின் குழுவிற் பாடுவோர் ஒவ்வொருவரும் தனித்துப் பிழையற ஓத வல்லவராய பின்னரே ஒருங்கு பாடுதற்குரியர் என்பது துணிபு. கிங்ஸ் கல்லூரிச் சிறுவர்க்கும் இஃதொக்கும். எவன் அழைக்கப்படினும் தனித்துப் பாட வல்லவனாதலினன்றே அவருள் யாரையும் கைகாட்டி அழைத்தல் இயல்வதாயிற்று.

இனிப் பல்குரலிசையைத் திருமுறைமேல் ஏற்றுதல் தகுமா என்பதை ஆராய்வாம். தகும் என்பார் கூறுவன மூன்று. ஒன்று, இளையோர்க்கு அது விருப்பந்தரும் என்பது. இரண்டு, இளையராஜா 2005-இல் திருவாசகத்தை மேலைநாட்டுப் பல்லியத்தோடும் குழுப்பாடலோடும் இயைத்து வெளியிட்டதைப் பலரும் விரும்பிக் கேட்டனர் என்பது. மூன்று, ஆய்ச்சியர் குரவையிலேயே பல்குரலிசை காணப்படுதலின் அது தமிழர்க்கு அயலன்று என்பது.

இவற்றுள் முதலாவது ஏதுவாகாது. விருப்பம் பயிற்சியின்வழிப் பிறப்பதாகலின், எதனைப் பயிற்றுகின்றோமோ அதுவே விருப்பமாம். இரண்டாவதற்கு விடை சிறிது நுணுகி உரைக்கற்பாலது. திருவாசகத்திற்குத் தேவாரம்போற் பண் வகுக்கப்படவில்லை. ஓதுவார் அதனை மோகன இராகத்தில் ஓதுதல் வழக்கம். ஆகலின் அதற்குப் புதிய இசையமைப்பார் பழம்பண் ஒன்றனை அழித்தவராகார். சொல்லுக்கு ஊறு நேராவகை அமைத்தாரா என்பதொன்றே அவரிடத்து வினவற்பாலது. தேவாரமோ பதிகந்தோறும் பண் வகுக்கப்பெற்றது. ஒன்றற்கு இயைந்த உரிமையை மற்றொன்றற்கு நீட்டுதல் பொருந்தாது.

மூன்றாவதே விரிவாக ஆராயத்தக்கது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி, கன்னியர் எழுவர்க்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என எழுநரம்பின் பெயரிட்டு முறையே நிறுத்துகின்றாள். குரல் என்பாள் மாயவனாகவும், இளி என்பாள் பலதேவனாகவும், துத்தம் என்பாள் நப்பின்னையாகவும் கருதப்படுகின்றனர். அதன்பின் முல்லைப்பண் பாடுதற்கண், குரல் மெலிவிலும், இளி சமனிலும், துத்தம் வலிவிலும், விளரி மெலிவிலும் நிற்குமாறும், விளரி நரம்பினள் தன் நட்பு நரம்பினளைத் தொடர்ந்து பாட்டெடுக்குமாறும் கூறப்பட்டுள்ளது. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வோரியக்கமும் கூறப்பட்டமையின், அவர் ஒரே காலத்தில் வெவ்வேறு நரம்பினை ஒலித்தனர் என்றும், அதுவே பல்குரலிசை என்றும் சிலர் கொள்வர்.

இக்கொள்கை முற்றும் தள்ளத்தக்கதன்று, முற்றும் கொள்ளத்தக்கதுமன்று. நரம்புகளிடை உறவினை இணை, கிளை, பகை, நட்பு என நான்காக முன்னோர் வகுத்தனர். நின்ற நரம்பிற்கு ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. இவ்வளவையை மேற்கூறிய இடத்தில் வைத்து நோக்குக. குரலினின்று எண்ண ஐந்தாவது இளி. இளியினின்று எண்ண விளரி, தாரம், குரல், துத்தம் எனத் துத்தம் ஐந்தாவது. துத்தத்தினின்று எண்ணக் கைக்கிளை, உழை, இளி, விளரி என விளரி ஐந்தாவது. ஆகவே அங்குப் பெயர்கூறி நிறுத்தப்பட்ட நால்வரும் கிளைக்குக் கிளையாக ஒரே தொடர்பில் நிற்கின்றனர். விளரிக்கு நான்காவது துத்தமாதலின், விளரி நரம்பினள் நட்பு நரம்பினளைத் தொடர்வாள் என்பதும் இவ்வளவையோடு முழுதும் பொருந்துகின்றது. ஒருங்கு ஒலித்தனர் எனக் கொள்ளினும், முறையே ஒலித்தனர் எனக் கொள்ளினும், அவ்விடத்துப் பேசப்படும் உறவு கிளையும் நட்புமே, பகையன்று.

மேலைநாட்டுப் பல்குரலிசையோ தன் வளர்ச்சிக்காலத்தில் மூன்றாம் நரம்பினையே நிலைக்களனாகக் கொண்டது. நின்ற நரம்பு, அதன் மூன்றாவது, ஐந்தாவது ஆகிய மூன்றையும் ஒருங்கொலித்தலே அவ்விசையின் அடிப்படை. அவரும் தொடக்கத்தில் மூன்றாவதை நிறைவுற்ற இயைபாகக் கொண்டிலர். ஐந்தாவதும் நான்காவதுமே அவர்க்கும் முதற்கண் சிறந்த இயைபாயிருந்தன. பிற்காலத்து அவர் தம் நரம்புகளின் அளவினைச் சிறிது திருத்தி மூன்றாவதை இயைபுடையதாக்கினர். அஃது அவர்க்குரிய நெறி. அதன் அழகும் மெய்யே. ஆயின் தமிழிசையிலக்கணம் பகை என்று வகுத்த உறவினைத் திருப்பதிகப் பண்ணின் அடியாக வைத்துவிட்டு, அதற்கு ஆய்ச்சியர் குரவையைச் சான்று காட்டுதல், சான்றினைச் சான்றுக்கே மாறாக நிறுத்துவதாம்.

இன்னுமொரு தடையுண்டு. பண்ணென்பது நரம்புகளின் நிரல் மட்டுமன்று. நரம்பினின்று நரம்பிற்குச் செல்லும் அசைவும் வளைவும் அதன் உயிராம். கௌசிகத்தைப் பைரவியிலும், தக்கேசியைக் காம்போதியிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் ஓதுவார் ஓதுங்கால், அவ்வசைவே பண்ணைக் காட்டுகின்றது. ஒரு பகுதியார் அசைந்து செல்ல மற்றொரு பகுதியார் அசையாத நரம்பொன்றினைப் பிடித்து நிற்பின், அசைவின்கண் எழும் நுண்ணிய அளவுகள் அந்நின்ற நரம்போடு மோதும். மோதாமை வேண்டின் அசைவினை நீக்கல் வேண்டும். அசைவினை நீக்கின் பண் நீங்கும். ஆதாரசுருதி ஒன்றே இதற்கு விலக்கு; அது குரலும் இளியுமாக நின்று எல்லா அசைவினையும் ஏற்றுக்கொள்ளும். ஆண்மக்களும் சிறாரும் ஒருங்கு பாடுங்கால், ஒரே பண்ணினை ஒருசாரார் மெலிவிலும் ஒருசாரார் சமனிலும் பாடுதலும் இயல்பேயாம். இவ்விரண்டின்கண்ணும் வேண்டிய வளமுண்டு. அதற்குமேல் வேண்டுவது பண்ணின் விலைகொடுத்துப் பெறுவதாம்.

இது வெறும் இலக்கண வழக்கன்று, இழப்பின் வழக்காம். பிங்கல நிகண்டு 103 பண்களின் பெயரைக் கூறும். அவற்றுள் தேவாரத்திற் பயில்வன 23 என்ப. ஏனையவற்றுட் பல பெயரளவில் நிற்கின்றன. அவற்றின் ஒலியை அறிவார் இலர். தேவாரத்தின் 23 பண்களிலும், காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி ஆகியவை இன்று நவரோசு என்னும் ஒரே இராகத்திற் பாடப்படுகின்றன. பெயர் மூன்றாயிருந்தும் ஒலி ஒன்றாயிற்று. பண் எவ்வாறு அழியும் என்பதற்கு இதனின் வேறு காட்டு வேண்டா. ஒருவரும் அதனைப் பகைத்து அழித்திலர்; செவி வேற்றுமையை மறந்தது; மறந்தவாறே நா பாடிற்று. நம்பியாண்டார் நம்பி காலத்தில் தில்லையில் ஏடுகள் கிடைத்தும் பண் கிடைத்திலது. எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியின் மிடற்றினின்றே அதனைப் பெற்றனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏட்டைக் கறையான் அரித்தாலும் எஞ்சியது கிட்டும். மிடறு மறந்தது ஏட்டிற் கிட்டாது. அப்பெண்ணினிடத்து நின்றது இன்று பாடசாலைச் சிறாரிடத்து நிற்கின்றது. அவர் மிடற்றில் எதனை வைக்கின்றோமோ அதுவே இன்னும் ஐம்பதாண்டில் தேவாரப் பண்ணெனப்படும்.

தமிழிசைச் சங்கம் 1943-இல் சென்னையில் தோன்றியதும், 1949 முதல் அது பண்ணாராய்ச்சி நிகழ்த்தி வந்ததும், ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரமும், விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ்நூலும் வெளியிட்டதும் இவ்விழப்பினைத் தடுத்தற்கெழுந்த முயற்சிகளாம். தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார் பாடிய ஒலிப்பதிவுகள் இன்று யாவர்க்கும் கிட்டுகின்றன. ஆயின் நூலும் பதிவும் மிடற்றிற்கு ஈடாகா. அவை பிழையைக் காட்டும். பிழைத்த சிறுவனை நிறுத்தி மீளப் பாடச் செய்யா. அது செய்வார் ஆசிரியரே.

இசைக்கருவி பற்றியும் ஒன்று கூறற்பாலது. குழுவிற்குச் சுருதி வழுவாமை வேண்டி, ஆர்மோனியம் முதலிய கட்டைக்கருவிகளில் பதிகம் முழுவதையும் உடன்வாசித்துச் சிறாரை அதன்வழிப் பாடச்செய்வார் உளர். கட்டைக்கருவியில் நரம்பிற்கும் நரம்பிற்கும் இடையிலுள்ள அசைவு இல்லை. அதன்வழிப் பயின்ற செவி அசைவினைப் பிழையென எண்ணும். திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததனை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பதிகத்தின் பெருமை யாழினால் விளங்குகின்றது எனத் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சுற்றத்தார் கருதியபோது, ஆளுடைய பிள்ளையார் யாழிலடங்காத பதிகம் ஒன்று பாடியருளினார். யாழ்ப்பாணர் தம் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, இயன்ற அளவில் யாழினை வாசிக்குமாறு பணித்தருளினார். அப்பதிகப் பண் யாழ்மூரி எனப்படும். கருவி மிடற்றின் பின்செல்வது. மிடறு கருவியின் பின்செல்வதன்று. கருவியை உடைத்தலும் வேண்டா. அதனைத் தலைமேல் வைத்தலும் வேண்டா. அந்நிகழ்ச்சி இவ்விரண்டினையும் ஒருங்கு கற்பிக்கின்றது.

இவையெல்லாம் நோக்கின், மேலைநாட்டுக் குழுவினிடத்துக் கொள்ளற்பாலது யாது, தள்ளற்பாலது யாது என்பது தெளிவாம். அவர்தம் பலநரம்பியைபு தேவாரத்திற்கு ஆகாது. அவர்தம் பயிற்சியோ முழுதும் ஆகும். உயிரொலி ஒருமையும், ஈற்றுமெய்த் தெளிவும், மூச்சின் பங்கீடும், அயலான் குரலைக் கேட்கும் செவியும் எந்நாட்டார்க்கும் பொதுவாகிய நலங்கள். திருமுறை பாடும் இளையோர் குழுக்கள் பலவற்றில் இன்று குறையாயிருப்பன இவையே. ஒருவரையொருவர் விஞ்சிக் கத்துதலையே பத்தியென எண்ணுதலும், மூச்சு முட்டியவிடத்துச் சொல்லை நடுவில் அறுத்தலும், சீரின் இறுதியில் ஒவ்வொருவர் ஒவ்வொரு கணத்தில் நிறுத்துதலும் காணப்படுகின்றன. சந்தி பிரித்துப் பொருள் உணராமையே சொல்லை நடுவில் அறுத்தற்குக் காரணம். பொருளுணர்ந்தவன் மூச்சினை எங்கு நிறுத்தல் வேண்டுமெனக் கேளான். பொருளே அவனை நிறுத்தும்.

தாளத்தோடு பாடும் பண்ணாங்கமும், தாளமின்றிப் பாடும் சுத்தாங்கமும் என ஓதுமுறை இரண்டு. குழுவிற்குப் பண்ணாங்கம் எளிது. தாளம் யாவரையும் கட்டி நிறுத்தும். சுத்தாங்கமோ ஒருவர் உள்ளத்து உருக்கத்தின்வழிச் செல்லுதலின் பலர்க்கு அரிது. ஆயினும் எட்டு அல்லது பன்னிருவர் கொண்ட சிறுகுழு, ஓராசிரியரிடம் நெடுநாள் பயின்று, ஒருவர் மூச்சினை ஒருவர் அறியுமளவு பழகின், சுத்தாங்கத்தையும் பிறழாது பாடுதல் கூடும். சிறுகுழுவின் உண்மையான கலைத்திறம் அவ்விடத்தே வெளிப்படும். தாளம் கட்டாதவிடத்து அவரைக் கட்டி நிறுத்துவது ஒருவரையொருவர் நோக்கிய கருத்தும், பாடப்படும் பொருளுமே ஆகலின்.

இனிச் சித்தாந்தநெறியால் நோக்குக. உயிர்கள் பலவென்பதும், வீட்டினும் அவை தம்முட் கெட்டு ஒன்றாகாவென்பதும், இறைவனோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்குமென்பதும் மெய்கண்டார் நெறி. குழுவிசையில் குரல்கள் அழிந்து ஒன்றாகின்றன என்பார் கூற்று இதனோடு பொருந்தாது. குரல்கள் அழியின் குழுவே இல்லை. ஒவ்வொரு குரலும் தன்னளவில் முழுமையாக ஒலித்தல் வேண்டும். எனினும் தன்முனைப்பால் வேறுபட்டு ஒலித்தலாகாது. உப்புநீரும் பளிங்கும் முதலிய உவமைகள் போல இதுவும் ஓரளவிற்கே உவமை. குரல்கள் தம்முள் ஒத்த உயிர்களின் தொழிலாதலின், உயிருக்கும் இறைக்கும் உள்ள உறவினை இதனால் முற்றும் காட்டல் இயலாது. ஆயினும் ஆணவம் அடங்குதல் என்பது உயிர் அழிதலன்று என்னும் நுட்பத்தை இளஞ்சிறார்க்குச் சொல்லால் விளக்குதலினும், நன்கு பாடும் குழுவொன்றில் ஓராண்டு நிறுத்துதலால் விளக்குதல் எளிது. தன் குரல் தனித்துக் கேளாதவாறு, ஆயினும் தான் வாளா இராதவாறு, முழுமிடற்றோடு பாடும் சிறுவன் அந்நுட்பத்தைப் பெயரறியாமலே பயில்கின்றான்.

ஆகவே இளையோர் கூட்டிசையின் நலத்தைத் துணிதற்கு அளவை மூன்று. கேட்பான் ஏடு காணாமலே சொல்லைச் செவியால் அறிகின்றானா என்பது ஒன்று. பதிகத்தின் பெயர் கேளாமலே பண்ணினை அறிகின்றானா என்பது ஒன்று. பாடுவாருள் இன்னாரெனப் பெயர்சுட்டாமலே பாட்டினைப் போற்றுகின்றானா என்பது ஒன்று. இம்மூன்றும் வாய்ந்த குழு எண்மரேயாயினும், தஞ்சையிற் பாடிய நாற்பத்தெண்மர்க்கு வழித்தோன்றலாம். இவற்றுள் ஒன்று குறையினும், எத்துணை இன்னொலி எழுப்பினும், அஃது இசையரங்கிற்கு அணியாவதன்றித் திருக்கோயில் விண்ணப்பமாதல் அரிது.

சிறாரின் மென்குரல் நெடுநாள் நில்லாது; பதின்மூன்று பதினான்கு அகவையில் உடைந்து மாறும். அக்குறுகிய காலத்திற்குள் நெஞ்சிற் பதிந்த பண் வாழ்நாள் முழுதும் நிற்கும். பதியாதது பின்னர் எவ்வளவு முயன்றும் பதிதல் அரிது. ஆகலின் திருமடங்களும் திருக்கோயில்களும் பாடசாலைகளில் ஓராசிரியர்க்குச் சிலரேயாகச் சிறாரை ஒப்புவித்து, மேடைக்கு விரைந்து கொணராது, பொருளும் பண்ணும் மூச்சும் ஒருங்கு பயிலும்வரை காத்திருத்தல் வேண்டும். விழாவில் ஒருநாள் பலர் கைகொட்டுதலினும், நாடோறும் பூசைக்காலத்து அச்சிறார் மூலத்தானத்தின் முன் நின்று பிழையின்றி ஒரு பதிகம் ஓதுதல் பெரிது.

திருச்சிற்றம்பலம்.